பாணிக்கு ஒவ்வாத தண்ணீர்

மனைவி தெரசா இறந்த பிறகு அவள் பெயரை ஒவ்வொரு இடத்திலிருந்தும் எடுப்பதில் பாஸ்கலுக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. ரேஷன் கார்டில் எடுத்தார்கள். வாக்காளர் பட்டியலில் எடுத்தார்கள். காஸ் இணைப்பை மாற்றிக் கொடுத்த பெண், "பாவம் சார், சின்ன வயசு" என்று ஒரு வார்த்தை கூடுதலாகவே சொன்னாள். சேக்காட்டு மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசையன்று சாமியார் அவள் பெயரை மைக்கில் வாசித்தார். அதோடு மோட்சத்திலும் பதிவு முடிந்துவிட்டதாக நினைத்து எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போனார்கள். பாக்கி இருந்தது ஒரே ஒரு இடம். அது பூமியில் இல்லாத இடம் என்பதால் அங்கேதான் சட்டதிட்டங்கள் அதிகம்.

அது கட்டை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு. செல்போனில் பலர் சேர்ந்து ஆடுவது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து ஆட்கள் கூடி அதற்குள் ஓர் ஊரை உண்டாக்கி, மேற்கு மாநகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊர் என்றால் ஒரு மலைச்சரிவு. உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே படிக்கட்டுத் தெரு, இரண்டு பக்கமும் வீடுகள். எல்லா வீடும் சாம்பல் கல்லில், கூம்புக் கூரையும் புகைபோக்கியுமாக இருக்க வேண்டும். இதற்கு ஐரோப்பிய மலைக்கிராமப் பாணி என்று பெயர். பாணியை வகுத்தவர்கள் யாரும் கடம்பத்தூரைத் தாண்டி மேற்கே போனதில்லை. கூரை செங்குத்தாக இருப்பது பனி வழுக்கி விழுவதற்காக. பனி பெய்தால் போன் திணறுகிறது என்று தலைவர் எத்திராஜ் பனியை நிறுத்தி வைத்திருந்தார். கூரை விதியை நிறுத்தவில்லை.

தெரசா அந்த ஊருக்குக் குடிபோனது டயாலிசிஸ் கட்டிலில் இருந்து. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் பாதி நாள் அந்தக் கட்டிலில் கிடக்க வேண்டியிருந்தது. ஒரு கையில் ஊசி ஏறியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. விளையாட்டுக்கோ இரண்டு கட்டைவிரல் வேண்டும்: இடது விரல் நடக்க, வலது விரல் கட்ட. திருமழிசைப் பட்டறையில் ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு பாஸ்கல் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தன் இடது கட்டைவிரலைக் கொடுத்தான். நடப்பது அவன், கட்டுவது அவள்.

"கொஞ்சம் பின்னாடி போங்க. இன்னும். போதும் நில்லுங்க. சொவுத்துல முட்டிக்கினு இன்னா பண்றீங்க?"

"வழி தெர்லமா."

"கண்ணாலம் கட்டினதுலேர்ந்து இப்பத்தான் நான் சொன்ன பக்கம் நடக்கறீங்க. அதுவும் சொவுத்துல போய் முட்டறீங்க."

டாக்டர் அவளுக்கு நாள் முழுதுக்கும் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர் என்று அளந்திருந்தார். காபியும் ரசமும் அந்தக் கணக்கில் சேர்த்தி. வெயில் காலத்தில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, அது கரையக் கூடாதே என்பதுபோல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பாஸ்கல் வீட்டில் தண்ணீர் குடிப்பதென்றால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்று, தொண்டையில் சத்தம் வராமல் குடிப்பான். அவளுக்கு அது தெரியாது என்று அவன் நினைத்துக்கொள்ள, தெரியாததுபோல் அவள் இருந்துகொண்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். தண்ணி குடிச்சீங்களா என்று மட்டும் கேட்டதில்லை.

அவள் மேற்கு மாநகரின் உச்சியில் கட்டிய வீட்டுக்கு இளஞ்சிவப்புக் களிமண் சுவர், மொட்டை மாடி. மாடி முழுவதும் ஒரு தொட்டி. தொட்டியிலிருந்து முற்றத்துக்குத் தண்ணீர் விழும். முற்றத்திலிருந்து ஒரு வாய்க்கால் அடுக்களைக்குள் போய்த் திரும்பும். ஹாலில் கண்ணாடித் தரை, அதன் கீழே தண்ணீர். கட்டிலைச் சுற்றிலும் தண்ணீர். மாடிப்படி திரும்பும் இடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தாள். சேக்காட்டில் அவர்கள் குடியிருந்தது முதல் மாடி. படி திரும்பும் இடத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொள்ள பாஸ்கல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தான். அங்கே ஒன்றுதான் கொள்ளும். அவள் உட்கார்ந்திருக்க, அவன் நிற்பான்.

இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. ஒரு சின்னக் குழியில் எதிரெதிர் மூலையில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டால் அந்தக் குழி பிறகு வற்றாது. அள்ள அள்ள ஊறும். அதைக் கண்டுபிடித்த அன்று அவள் வாளி வாளியாக அள்ளி அவனுக்குக் காட்டினாள்.

"இத்த பாத்தீங்களா? எவ்ளோ எட்த்தாலும் அப்டியே கீது."

உயிரோடு இருந்தபோதே நிர்வாகத்திடமிருந்து அவளுக்குப் பாணி மீறல் அறிவிப்புகள் வந்துகொண்டிருந்தன. "கெடக்கறாங்க" என்று தள்ளிவிடுவாள். ஊரிலேயே அதிகக் களிமண் தோண்டிப் பொதுக்கிடங்கில் சேர்த்தவள் அவள் என்பதால், அவள் வீடு நெடுங்காலமாகப் பரிசீலனையில் இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து அவள் போனைத் திறந்தால் புதிய அறிவிப்பு இருந்தது. "தாங்கள் சில வாரங்களாக நகரில் காணப்படவில்லை. விளக்கம் தரவும்." வேறு ஆளாக இருந்தால் காய்ச்சல் என்று எழுதியிருப்பான். பாஸ்கல் அப்போதுதான் எல்லா அலுவலகமும் ஏறி இறங்கி வந்தவன். ஆள் போனால் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது காலுக்கே பழகிப்போயிருந்தது. "தெரசா இறந்துட்டாங்க. நான் அவங்க வீட்டுக்காரர்" என்று எழுதி அனுப்பினான். மேற்கு மாநகரில் காணாமல் போனவர்களுக்கு அவகாசம் உண்டு, இறந்தவர்களுக்குக் கிடையாது என்பது அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. தெரசாவின் போனில், தெரசாவின் உருவத்தை நடத்திக்கொண்டு போனான். நீலச் சேலை கட்டிய உருவம், அந்த நீலம் அவளே தீட்டியது. மணிக்கூண்டின் கீழ் எல்லோரும் கூடியிருந்தார்கள். எத்திராஜின் குரல் வந்தது.

"மேற்கு மாநகரின் மூத்த குடிமகளும், பொதுக்கிடங்குக்குக் களிமண் அள்ளித் தந்த உழைப்பாளியும், பாணி விதிகளைத் தொடர்ந்து மீறிவந்தவருமான தெரசா அவர்களின் மறைவுக்கு இம்மன்றம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது. அனைவரும் எழுந்து நிற்கவும்."

அந்த விளையாட்டில் எல்லோரும் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். ஆகவே சிறிது குழப்பத்துக்குப் பிறகு மரியாதைக்காக எல்லோரும் குனிந்தார்கள். பாஸ்கலுக்கு நடக்க மட்டும்தான் தெரியும், குனியத் தெரியாது. குனிந்த கூட்டத்தின் நடுவே நீலச் சேலை தனியாக நிமிர்ந்து நின்றது. யாரோ மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். மௌன அஞ்சலி முழுக்க ஒரு குக்கர் விசில் அடித்தது.

"தலைவரே, ஒரு ஒழுங்குப் பிரச்சினை" என்றாள் கிருஷ்ணப்பிரியா. அவள் பாணிக் குழுவின் தலைவி. "யாருக்கு இரங்கல் தெரிவிச்சோமோ அவங்க கூட்டத்துல நிக்கிறாங்க."

மன்றம் யோசித்தது.

"நான்தாங்க நிக்கறேன்" என்றான் பாஸ்கல். "முந்தியும் நான்தான் நடந்தேன். கட்டறதுதான் அவங்க."

"அப்போ இத்தினி நாளா ஒரே உருவத்துல ரெண்டு பேரா?" கிடங்குப் பொறுப்பாளர் வெற்றிச்செல்வன் குரலில் ஒரு கண்டுபிடிப்பின் சந்தோஷம் இருந்தது. "தலைவரே, அனுமதி இல்லாம ஒரு ஆள் ஊருக்குள்ள இருந்துகினு கீறாரு."

இறந்தவர் நடமாடுவது நகர ஒழுங்குக்கு உகந்ததல்ல என்றும், பாணி மீறிய அவர் வீட்டை இனி இடித்துவிடலாம் என்றும் தீர்மானம் நிறைவேறியது. கணவர் வேண்டுமானால் தன் போனில், தன் பெயரில், வாரிசு உறுப்பினராக வரலாம். பாஸ்கல் நீலச் சேலையை மன்ற வாசல்வரை நடத்திக்கொண்டு போனான். வெளியேறு என்ற பொத்தானை அவன்தான் அழுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் அவன் இலவசமாகக் கிடைக்கும் முகத்தோடு மேற்கு மாநகரில் பிறந்தான். வீட்டை இடிக்காமல் காப்பாற்ற வழி கேட்டபோது, வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். கிருஷ்ணப்பிரியா நேரில் ஆய்வுக்கு வந்தாள்.

"இந்த ஊர்ல மொட்டை மாடி கிடையாது சார்."

"ஆவடி பூந்தமல்லி பூரா மொட்டை மாடிதானுங்களே."

"அதனாலதான சார் இங்க வர்றோம்."

அவள் குடியிருந்தது ஐயப்பன்தாங்கலில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு வாடகைப் போர்ஷனில். காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்துவிட்டு ஹவுஸ் ஓனரிடம் அவள் வாங்கிய பேச்சை மன்றமே அறியும். எத்திராஜ் குடியிருந்த வீட்டில் செல்லோ டேப்புக்கும் தடை. வெற்றிச்செல்வனுடைய ஹவுஸ் ஓனர் மாதம் ஒரு முறை சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். நிர்வாகக் குழுவில் ஆணி அடிக்க அனுமதி உள்ளவர் ஒருவரும் இல்லை. அவர்கள் கையில் ஒரு மலையே கிடைத்திருந்தது.

சுவர் கல்லாக வேண்டும், கூரை கூம்பாக வேண்டும் என்று உத்தரவானது. பாஸ்கல் கல் கேட்டுக் கிடங்குக்குப் போனான். அடிவாரத்தில் கிடங்கு நிறையக் கல். வைக்க இடமில்லாமல் பக்கத்தில் இன்னொரு கிடங்கு எழும்பிக்கொண்டிருந்தது, அதுவும் கல்லில்.

"பாணிச் சான்று கீதா அண்ணாத்தே?" என்றான் வெற்றிச்செல்வன்.

"சான்று வாங்கத்தாம்பா கல்லு."

"சான்று இல்லாத ஊட்டுக்குக் கல்லு குட்த்தா பொதுச்சொத்த வாரி உட்டா மாதிரி ஆய்டும். நீயே தோண்டிக்கோ."

தோண்டினான். தோண்டியதை முதலில் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஒப்படைத்ததும் அது பொதுச்சொத்தாகியது. பொதுச்சொத்தை எடுக்கச் சான்று வேண்டும்.

"அப்போ என்னுதுன்னு இங்க இன்னாதாம்பா கீது?"

"உழைப்பு அண்ணாத்தே. அத்த யாரும் எட்த்துக்க முடியாது."

கடைசியில் ஒரு சலுகை தந்தார்கள். இளஞ்சிவப்புச் சுவரை உடைத்து, ஒவ்வொரு கட்டையாக ஒப்படைத்து, பதிலுக்கு ஒவ்வொரு கல்லாக வாங்கிக்கொள்ளலாம். அந்தக் களிமண் தெரசா ஆற்றோரத்தில் தோண்டியது. ஆற்றங்கரைக்கு அவளை நடத்திக்கொண்டு போனது அவன்தான். திருமழிசையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கம்பியில் தோளைச் சாய்த்துக்கொண்டு, வலது விரலுக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தான். அந்த விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஒரு கல் வைக்கப் போய் இரண்டு உடையும். "சொவுத்துல முட்டிக்கினு இன்னா பண்றீங்க" என்று கேட்க ஆள் இல்லாததால் நெடுநேரம் முட்டிக்கொண்டே நின்ற நாட்களும் உண்டு. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கேம் ஆட்ற வயசா இது" என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சுவர் சாம்பலாகியது. தொட்டியைச் சுற்றி எப்படியோ கூம்புக் கூரை எழுந்தது. புகைபோக்கியும் வைத்தான். உள்ளே அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வாய்க்கால் ஓடியதால், அது எதன் புகையைப் போக்குவது என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆய்வுக்குழு அதைக் கேட்கவுமில்லை.

அடுத்து நாற்காலிகள்.

"படிக்கட்டில் இளைப்பாறும் வழக்கம் ஐரோப்பாவில் இல்லை" என்று எத்திராஜ் அறிவித்தார். "அங்கே மக்கள் ஆரோக்கியமானவர்கள்."

"ஒண்ணாவது வெச்சிக்கறேங்க" என்றான் பாஸ்கல்.

மன்றம் விவாதித்தது. அலங்காரப் பொருள் என்ற வகையில் ஒரு நாற்காலிக்கு அனுமதி தந்தது. அவன் தன்னுடையதை எடுத்துக் கிடங்கில் ஒப்படைத்தான். அங்கேயும் அவளுக்கு ஒரு நாற்காலிதான் என்றாகியது, அவன் நிற்க வேண்டியதுதான்.

பிறகு தண்ணீர். அதற்கென்று தனிக் கூட்டம் போட்டார்கள்.

"தண்ணீர் பொதுச்சொத்து" என்று ஆரம்பித்தார் எத்திராஜ். "ஒருவர் வீட்டிலேயே இவ்வளவு தேங்கிக் கிடந்தால் மற்றவர்களின் பங்கு என்னாவது? நாளைய தலைமுறை நம்மைக் கேள்வி கேட்காதா?"

"அது தீராதுங்களே சார். எவ்ளோ எட்த்தாலும் அப்டியே இருக்கும்."

"தீராதுங்கறதுக்காக அளவில்லாம விட்டுர முடியுமா? எல்லாமே அளவில்லாம இருந்தா நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு?"

தான் சொன்னது தனக்கே பிடித்துப்போய் எத்திராஜ் அதை இன்னொரு முறை சொன்னார். பிறகு மென்மையாக, "கல்நெஞ்சக்காரங்கன்னு நினைச்சுராதீங்க. அம்மா நினைவா வீட்டுக்குள்ள ஒரு வாளித் தண்ணி வெச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு. மீதியை வடிச்சுருங்க" என்றார்.

இதுவரை எல்லாவற்றுக்கும் சரி சொன்னவன். இதற்கும் சொல்லிவிட்டால் சான்று கிடைத்துவிடும், வீடு நிற்கும். பாஸ்கல் சேக்காட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருந்த அவள் படத்தைப் பார்த்தான். மாலைக்குள் அவள் உதடுகள் எப்போதும்போல் காய்ந்திருந்தன. உடம்பு சரியில்லாமல் போன பிறகு எடுத்த படம்தான் பெரிதாகப் போட ஏற்றதாகக் கிடைத்திருந்தது.

"வாணாங்க" என்றான்.

"எது வேணாம்?"

"அவளுக்கு அளந்து குட்த்தது போதுங்க. நான் ஒரு சொட்டு கொட்ட மாட்டேன். இடிக்கறதுன்னா நீங்களே இட்ச்சிக்கோங்க."

இந்தப் பதிலுக்கு விதிகளில் இடமில்லை. எனவே அது மறுப்பு என்று கொள்ளப்பட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மக்கள் கறிக்கடையில் நிற்கும் நேரத்தில் ஊரே கோடரியோடு உச்சியில் கூடியது. எத்திராஜ் உரையாற்றினார். "இது இடிப்பு அல்ல, மீட்பு. ஒரு தனி வீடு ஊரோடு கலக்கிறது. தெரசா அவர்கள் இன்று முதல் நம் ஒவ்வொருவர் சுவரிலும் இருப்பார்."

மேலே இருந்து உடைத்தால் கட்டைகள் சிதறிக் கிடங்குக்கு இழப்பாகும் என்பதால், எப்போதும் கீழிருந்தே தொடங்க வேண்டும் என்பது கிடங்கு விதி. அந்த விதிப்படி வெற்றிச்செல்வன் ஹாலுக்குள் புகுந்து, தொட்டியைத் தாங்கிய கூரைத்தளத்தையும் அதன் கீழிருந்த முன்சுவரையும் உடைத்தான்.

அந்த விளையாட்டில் தண்ணீர் சமதரையில் சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். ஆனால் ஒரு படி இறங்கக் கிடைத்தால் அப்போதுதான் பிறந்ததுபோல் மறுபடி ஓடும். ஐரோப்பிய மலைக்கிராமப் பாணியிலோ உச்சியிலிருந்து அடிவாரம் வரை படிகள். தெரசாவின் தண்ணீர் வாசலைத் தாண்டி முதல் படியில் இறங்கியது. அடுத்த படியில் இறங்கியது. திறந்திருந்த ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு மேலும் இறங்கியது. விளக்குகள், கம்பளங்கள், புகைபோக்கியடியில் வைத்திருந்த பூச்செடிகள் எல்லாம் பெயர்ந்து மிதந்து போயின. நகரம் இருட்டியது.

எத்திராஜின் மேடைத்தமிழும் அதோடு போயிற்று. "யோவ் வெற்றி, அட்ச்சி மூடுய்யா. என் ஊட்டுக்குள்ள வந்துகினு கீது."

"எத்த வெச்சி மூட்றது? கல்லு பூரா கீழ கிடங்குல கீது."

"எட்த்துக்கினு வாய்யா."

"அவசரத்துக்கு எட்க்க யார் சான்று குட்ப்பா? பிரியா மேடம், சான்று."

"என் தோட்டமே போயிடுச்சு, நீங்க சான்று கேக்கறீங்க" என்று கிருஷ்ணப்பிரியா அழ ஆரம்பித்தாள். அது நிஜ அழுகை. பாஸ்கலுக்கு அவளைத் திட்டத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அங்கே மட்டும்தான் ஒரு தோட்டம் இருந்தது.

அவன் தன் இலவச முகத்தோடு தண்ணீரில் நின்றிருந்தான். ஊரார் கோடரிகள் பெயர்த்த வீடு, கல்லும் படியுமாகத் தண்ணீரோடு போய்விட்டது. நாற்காலி எந்தப் பக்கம் மிதந்து போனதோ தெரியவில்லை. இடது கட்டைவிரல் தானாக நகர்ந்து, படி திரும்பும் இடம் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு அவனை நடத்திக்கொண்டு போய் நிறுத்தியது. அங்கிருந்து கீழே பார்த்தால் மலை முழுக்க அவள் தண்ணீர். அள்ள அள்ளக் குறையாதது, ஓடிக்கொண்டே இருந்தது.

பிற்பகல் மன்றம் அவசரமாகக் கூடி வெள்ள நிவாரணக் குழு அமைத்தது. வெள்ளத்துக்குப் பொறுப்பு மறைந்த உறுப்பினர் தெரசா என்று தீர்மானித்தது. அடுத்த கூட்டத்துக்கு அவர் தவறாமல் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்றும், பதிலாள் ஏற்கப்படமாட்டார் என்றும் அறிவிப்பு அனுப்பியது. படத்துக்குக் கீழே அலமாரியில் கிடந்த அவள் போன் ஒரு முறை வெளிச்சமாகி அணைந்தது.

பாஸ்கல் எழுந்து அடுக்களைக்குப் போனான். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். அங்கே நின்றபடி கதவின் முதுகையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொம்போடு வெளியே வந்தான். மாடிப்படி திரும்பும் இடத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே தூக்கி வந்து, படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"தண்ணி குடிக்கறேன் தெரசா" என்றான்.

தலையை அண்ணாந்து, தொண்டையில் சத்தம் வர, சொம்பு காலியாகும்வரை குடித்தான்.